திராட்சை போடக் கூடாது

விவாகரத்தில் ஓவன் அவர் பங்குக்கு வந்தது. கேட்டு வாங்கியதல்ல. மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அந்தச் சமையலறையில் இரண்டு பேர் நின்றாலே தோள் இடிக்கும்; அதில் ஓவனை எங்கே வைப்பது? மற்ற சாமான்கள் வண்டி ஏறின. ஓவன் மட்டும் மேடையை விட்டு அசையவில்லை.

அவருக்கு எடை மெஷின் பழுதுபார்க்கும் தொழில். கடைக்காரர்கள் தராசுக்காரர் என்பார்கள். நாற்பத்தேழு வயது, பிள்ளை இல்லை. சண்டை போட்டுப் பிரிந்தவர்களும் இல்லை. பதினோரு வருஷத்தில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் 'கேஸ் தீர்ந்துடுச்சு', 'சாவி எங்க' என்பதோடு நின்றுபோனது. அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து, மழை விடாத ஒரு ஞாயிறு, வேறு வேலை இல்லாமல் ஓவனை நகர்த்தித் துடைத்தார். பின்னால், சுவருக்கும் மேடைக்கும் நடுவே, மாமியாரின் சமையல் குறிப்பு நோட்டு கிடந்தது.

மாமியார் ஞாயிறுதோறும் கூடையோடு வந்து இந்த ஓவனில்தான் கேக் செய்வார். அந்த நேரத்தில் தராசுக்காரர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். உள்ளே அம்மாவும் மகளும் எதற்கோ சிரிப்பார்கள். எதற்கென்று அவர் ஒருநாளும் எழுந்துபோய்க் கேட்டதில்லை.

நோட்டை அன்றே திருப்பிக் கொடுத்திருக்கலாம். நின்றபடியே புரட்டினார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

யாரோ வந்து படிப்பார்கள் என்று நினைத்து எழுதிய நோட்டு இல்லை அது. 'மாவு நம்ம டம்ளரில் ரெண்டு. சர்க்கரை ஒண்ணேகால், இவருக்குத் தெரிய வேண்டாம்.' இவர் என்பது காலமாகிவிட்ட மாமனார். சாகும்வரை சர்க்கரை வியாதிக்காரர். 'பால் கொஞ்சம், பார்த்தால் தெரியும்.' எத்தனை நிமிஷம் வேக வேண்டும் என்று எங்குமே இல்லை. 'கீழ்வீட்டு ரேடியோவில் செய்தி முடிகிற வரை' என்று ஓரிடத்தில் இருந்தது.

நடுவில் ஒரு பக்கத்துக்குத் தலைப்பு: 'மாப்பிள்ளைக்குப் பிடித்தது.' பேரீச்சம்பழ கேக். அடியில் இரண்டு கோடு போட்டு, 'திராட்சை போடக் கூடாது. ஒதுக்கி வைப்பார், வாய் திறந்து சொல்ல மாட்டார்.'

தட்டின் ஓரத்தில் அவர் ஒதுக்கிய திராட்சையை யாரோ பார்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அவர் வெகுநேரம் திருப்பவில்லை.

அடுத்த ஞாயிறே மாவும் பேரீச்சம்பழமும் வாங்கினார். அந்த டம்ளர் எது, எவ்வளவு கொள்ளும் என்று தெரியாது. ஆனால் எடை அவர் தொழிலாயிற்றே. டம்ளருக்கு நூற்றுப்பத்து கிராம் என்று ஆரம்பித்தார். கேக் பள்ளமாகிப்போனது. நூற்றிருபதில் எழும்பியது, வெட்டினால் உதிர்ந்தது. நூற்று முப்பத்தைந்தில் சரியாக வந்தது. மாமியார் செய்கிற அதே பதம், அதே கருப்பு. அதற்குள் பதினோரு ஞாயிறு போயிருந்தது. பிறகு மற்றப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகச் செய்துபார்த்து, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலில் கிராம் எழுதிவைத்தார்.

கேக் எட்டுப் பேருக்கானது. திங்கள், செவ்வாய், புதன் என்று தனியாகவே தின்பார். வியாழன் காய்ந்துபோனதை டீயில் தோய்ப்பார். ஒருமுறை பட்டறைக்குக் கொண்டுபோனார். கூட வேலை பார்ப்பவர் வாயில் போட்டுவிட்டு, "அண்ணிக்கு நல்ல கைங்க" என்றார். பிரிந்ததை அங்கே அவர் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. "ம்" என்றார். மறுபடி கொண்டுபோகவில்லை.

மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிறு காலை, கேக் ஓவனில் இருக்கும்போது, அவள் ஃபோன் செய்தாள்.

"நல்லா இருக்கீங்களா? அம்மாவோட கேக் நோட்டு அங்க எங்கயாவது இருக்கான்னு பாக்க முடியுமா? வீடெல்லாம் தேடிட்டாங்க."

"பாக்கறேன்."

நோட்டு அவர் கைக்கெட்டும் தூரத்தில், உப்பு ஜாடியில் சாய்ந்து நின்றது.

"அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு, "அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். நீங்க வேற யார் மூலமாவோ கேள்விப்பட வேண்டாம்னு..."

"சரி. சந்தோஷம்" என்றார். வீடு முழுக்கக் கேக் வாசனை. ஃபோன் வழியாக அது போகாது என்று தெரிந்தும் கொஞ்சம் தள்ளி நின்று பேசினார்.

மூன்று நாள் மாலை உட்கார்ந்து பென்சில் குறிப்புகளை எல்லாம் ரப்பரால் அழித்தார். தான் அந்த நோட்டுக்குள் இருந்ததாக யாருக்கும் தெரிய வேண்டாம். வேறு தாளில் எழுதிக்கொள்ளவில்லை. எல்லாம் மனப்பாடம்.

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனார். மாமியார்தான் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார்.

"வாங்க மாப்..." என்று ஆரம்பித்துச் சொல்லை விழுங்கினார். "வாங்க, உள்ள வாங்க."

"எப்படி இருக்கீங்க அத்தை?" அவருக்கு 'அத்தை'யை விழுங்க வரவில்லை.

சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் புரட்டினார். நாலைந்து பக்கம் போனதும் தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்தார்.

"இதென்ன, எதையோ அழிச்சிருக்கு?"

"கிராம் கணக்கு எழுதியிருந்தேன். அழிச்சிட்டேன்."

"நீங்களா செஞ்சீங்க? எல்லாத்தையுமா?"

"பன் மட்டும் சரியா வரல."

மாமியார் நோட்டை மூடாமல் அவரையே பார்த்தார். "அதை ஏன் அழிச்சீங்க? அந்த டம்ளர் தொலைஞ்சு ரெண்டு வருஷமாச்சு. வேற எந்த டம்ளர்ல அளந்தாலும் எனக்குச் சரியா வராது. அவ போகப்போற புது வீட்ல ஓவன் இருக்கு, செஞ்சு தாம்மாங்கறா. எதை வச்சு அளப்பேன்?"

பேனா எடுத்துக் கொடுத்தார். தராசுக்காரர் முதல் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். வாழைப்பழ கேக், ஆரஞ்சு கேக், வெண்ணெய் பிஸ்கட். எதற்கும் யோசிக்கவில்லை. மாமியார் பக்கத்தில் நின்று, "ஆமா, அவ்வளவுதான் இருக்கும்", "பாருங்களேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் இரண்டு பேரும் சிரிக்கக்கூடச் சிரித்தார்கள், அந்த ரேடியோ செய்திக்கு. "இருபத்தெட்டு நிமிஷம்" என்று எழுதினார்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது.

பேனா நின்றது. மாமியார் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார்.

"இதைக் கிழிச்சுக் கொடுத்துடறீங்களா, நான் கொண்டுபோறேன்" என்றார் அவர்.

"கிழிச்சா பின்பக்கம் பிஸ்கட் போயிடுமே."

அது நிஜம்தான். பேரீச்சம்பழம் இருநூறு, மாவு இருநூற்றெழுபது, சோடா உப்பு ஐந்து என்று வரிசையாக எழுதி முடித்தார். மூடி வைக்கப்போனபோது மாமியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வரப்போறவருக்குத் திராட்சைன்னா உயிராம். எவ்வளவு போட்டா அடியில தங்காது?"

கேக் மாவில் திராட்சை போட்டு அவர் ஒருநாளும் செய்ததில்லை. கொஞ்சம் கணக்குப் பார்த்தார்.

"அறுபது கிராம். மாவுல லேசாப் புரட்டிப் போடுங்க, கீழ இறங்காது."

"நீங்களே எழுதிடுங்க. என் கையெழுத்து இப்ப நடுங்குது."

இரண்டு கோடு போட்ட வரிக்குக் கீழே, இடம் பார்த்து, எழுதினார்: 'திராட்சை 60 கிராம்.' மை காயும்வரை ஊதினார்.

வாசல்வரை வந்த மாமியார், "சந்தேகம் வந்தா ஃபோன் பண்ணலாமா?" என்று கேட்டார்.

"பண்ணுங்க அத்தை. எப்ப வேணாலும்."

நாலு மாதம் ஃபோன் வரவில்லை. கல்யாணத் தேதி வந்து போனது. அவர் ஞாயிறுகளில் மாவு வாங்கவில்லை. ஓவன் மேல் செய்தித்தாள்கள் சேர்ந்தன.

ஒரு புதன்கிழமை மதியம், மருந்துக்கடை ஒன்றில் மெஷினைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது.

"நான்தான் பேசறேன். ஆரஞ்சு கேக்ல பால் எவ்வளவுன்னு எழுதலியே நாம?"

"எண்பது மில்லி. மாவு கெட்டியா தெரிஞ்சா இன்னும் பத்து."

"எண்பது. சரி, சரி." பின்னால் பாத்திரங்களின் சத்தம் கேட்டது. ஓர் ஆண் குரல், நல்ல உற்சாகமான குரல், "யாரு அத்தை?" என்றது.

"கேக்குக்கு அளவு கேக்கறேன்பா" என்றார் மாமியார். பிறகு இவரிடம், "வைக்கிறேங்க" என்றார்.

லைன் கட்டான பிறகும் அவர் ஃபோனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார். மருந்துக்கடைக்காரர், "வீட்லேருந்தா?" என்று கேட்டார்.

"இல்ல. தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்தார்.