ஆடினால் சொல்லு

சின்னத்தாயின் வயிற்றில் காலையிலிருந்து அசைவே இல்லை. நத்தை பொறுக்கக் குனிந்தபோதும் இல்லை, மேட்டில் மூச்சிரைக்க ஏறியபோதும் இல்லை. ஏழாம் மாதம். அவள் உண்டாகியிருப்பது புருஷன் பெரியண்ணன் ஒருவனைத் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. போன பிள்ளையை ஊர்க்கண்தான் கொண்டுபோனது என்பது அவள் தீர்மானம். அதனால் இந்தத் தடவை, இலங்கையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிய அதே முரட்டுப் படங்குச் சாக்கை வயிறு தெரியாதபடி கயிறு போட்டு இறுக்கியிருந்தாள்.

கொடைக்கானலின் பழைய பங்களா ஒன்றில் ஆராய்ச்சி செய்யும் திருமலைச்சாமிக்கு அவள் கொண்டுவரும் நத்தைகள்தான் எல்லாம். பாவம் மனுஷர், நத்தையை அறுத்து நரம்பில் ஒரு செல்லைப் பிடிப்பதற்குள் அரைநாள் ஓடிவிடும். இன்று பிடித்துவிட்டார். கண்ணாடிக் குழலை அதன்மேல் வைத்து, அதன் மறுமுனையில் மாட்டிய ரப்பர் குழாயை வாயில் கவ்வுமுன் அவளிடம் சொன்னார்: "காயிதத்துல கோடு போடுதே, அந்த முள்ளையே பாரும்மா. ஆடுனா சொல்லு."

உறிஞ்சினார். முள் ஆடியது.

"ஆடுதுங்கய்யா. என்னாத்துக்கு ஆடுது?"

"செல்லோட மெல்லிசுத் தோல்ல சின்னச் சின்ன வாசல் இருக்கு. கரண்ட் மாறுனா தொறந்து, உள்ள சேர்ற அமிலத்தை வெளிய விடும். தோலை இழுத்துப் புடிச்சா அதே கரண்டுக்கு இன்னும் வெரசாத் தொறக்குதான்னு பாக்குறேன்."

"இழுத்தா அதுக்குத் தெரியுமாங்க?"

"தெரியப்போய்த்தான ஆடுது."

"ரொம்ப இழுத்தா?"

பதிலுக்கு மறுபடி உறிஞ்சினார். முள் எகிறிக் காகிதத்தின் ஓரத்தில் முட்டி நின்றது. "கிழிஞ்சுபோச்சு. இது செத்துச்சு," என்றார் சலிப்பாக.

சின்னத்தாயின் கை இடுப்புச் சாக்குக்குப் போனது. கண்ணுக்கே தெரியாத தோலுக்கு இழுத்தது தெரியுமென்றால், நாள் முழுக்க இறுக்கிவைத்த பிள்ளைக்கு? ஐயோ, ஊர்க்கண்ணுக்குப் பயந்து என் கையாலேயே கொன்றுவிட்டேனா? முடிச்சைத் தேடினாள். மஞ்சில் நனைந்த கயிறு இறுகிக் கிடந்தது, விரல் வழுக்கியது. நத்தை வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். சாக்கு தரையில் விழுந்தது.

மேடிட்ட வயிற்றைக் கண்ட திருமலைச்சாமி பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திரும்பாதீங்கய்யா! காலையிலேருந்து புள்ள அசையல. நல்லாப் பாருங்க, கண்ணு எடுக்காமப் பாருங்க. ஆடுனா சொல்லுங்க."

மேசைமேல் கருவி நிறுத்தாமல் நேர்க்கோடு போட்டுக்கொண்டிருந்தது. வயிற்றின்மேல் சேலையில் ஒரு மடிப்பு லேசாக ஏறி இறங்கியது. தன் மூச்சாக இருக்குமோ என்று அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.