ஆட்டுத் திருடனின் வம்சம்

தன் எள்ளுத் தாத்தா யோக்கியர் என்பது வெர்னா ஹெக்ஸ்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் தெரிய வந்தது. வாயிலிருந்த தேநீர் புரையேறி, மேசைக் காகிதங்களின் மேல் தெறித்தது.

வேறு ஊராக இருந்தால் இதற்காக யாரும் இடிந்துபோக மாட்டார்கள். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் அரசு கைதிகளை நாடு கடத்திய ஆஸ்திரேலியத் தீவு இது. டாஸ்மேனியாக்காரர்களின் கூத்தே தனி. வெர்னாவின் அம்மா காலத்தில், விலங்கு மாட்டிக் கப்பலேற்றப்பட்ட முன்னோர் யாராவது இருந்துவிட்டால் பிறப்பு, இறப்பு எழுதிவைக்கும் குடும்ப பைபிளிலிருந்து அந்தப் பக்கத்தையே கத்தரித்து அடுப்பில் போட்டார்கள். அந்தச் சாம்பலைத் தேடித்தான் இப்போது பேரப்பிள்ளைகள் நாயாய் அலைகிறார்கள். ஆல்டர்ஃபோர்டு குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் ஆண்டு விருந்தில் கைதி வம்சத்துக்குச் சட்டையில் குத்திக்கொள்ளச் சிவப்பு வில்லையும் மேடைக்குப் பக்கத்து மேசையும் உண்டு. டிக்கெட் எடுத்து வந்தவர்களின் வம்சத்துக்குச் சமையலறைக் கதவோரம்தான் இடம். கதவு திறக்கும்போதெல்லாம் முதுகில் இடிக்கும்.

அந்தச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடமாகத் தலைவி வெர்னா. வயது எழுபது, பிறந்த வீட்டுப் பெயர் குவில்டி. "அயர்லாந்துல கிளேர் பக்கம், கார்னீலியஸ் குவில்டின்னு ஒருத்தர், பஞ்சத்துல ஒரு ஆட்டைத் திருடி..." என்று அவள் ஆரம்பித்தால் கேட்பவர் தப்ப முடியாது. பல் மருத்துவர் வாயில் பஞ்சை அடைத்த பிறகும் ஏழு வருடத் தண்டனை வரை சொல்லி முடித்திருக்கிறாள்.

சொந்தக் கதையில் எவ்வளவு தாராளமோ, அடுத்தவர் கதையில் அவ்வளவு கறார். தீர்ப்பு நகல் வேண்டும், கப்பல் பதிவு வேண்டும், தலைமுறைக்குத் தலைமுறை பிறப்பு, திருமணம், இறப்புச் சான்று வேண்டும். ஒன்று குறைந்தாலும் வில்லை கிடையாது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுததை ஊரே பார்த்தது. சொந்த நாத்தனார் டல்சியின் விண்ணப்பத்தையே மூன்று முறை திருப்பி அனுப்பியவள் வெர்னா. டல்சியின் தாய்வழியில் லண்டன் ஜேப்படிக்காரன் ஒருவன் இருந்தான். ஆனால் இடையில் ஒரு திருமணச் சான்று இல்லை. அதனால் டல்சி, இங்கிலாந்தின் டெவன் பக்கத்திலிருந்து சொந்தக் காசில் வந்து மாவு மில் வைத்த செப்டிமஸ் ஹெக்ஸ்டின் வம்சமாகவே, சங்கத்தின் செயலாளராகக் கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

இந்தச் சனிக்கிழமை ஆற்றங்கரை நடைபாதையில் கைதிகளின் பெயர் பொறித்த செங்கற்கள் பதிக்கப்பட இருந்தன. முதல் செங்கல் கார்னீலியஸ் குவில்டிக்கு. பெர்த்திலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் குவில்டிகள் அறுபத்து மூன்று பேர் ஆடு படம் போட்ட பனியனோடு வருகிறார்கள். எவ்வளவு பழைய உறுப்பினராக இருந்தாலும் செங்கல் பதிக்கும் முன் எல்லா ஆவணக் கோப்புகளையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும் என்று போன வருடம் ஒரு விதி வந்தது. விதியைக் கொண்டுவந்த புண்ணியவதியும் வெர்னாதான். ஆகவே இருபத்திரண்டு வருடம் கழித்துத் தன் கோப்பைத் தானே திறந்தாள்.

இப்போதெல்லாம் எல்லாப் பதிவும் கணினியிலேயே கிடைக்கிறது. ஆட்டுத் திருடன் கார்னீலியஸ் 1851இல் ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளியில் செத்திருந்தான். மணமாகாதவன், வயது இருபத்து நான்கு. வெர்னாவின் எள்ளுத் தாத்தா கார்னீலியஸுக்கோ திருமணமே 1854இல்தான் நடந்தது. செத்தவன் மூன்று வருடம் கழித்து மாலை மாற்றிக்கொள்ள முடியாது என்பது வெர்னாவுக்கே புரிந்தது.

அயர்லாந்தில் தலைமகனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம். தாத்தா கார்னீலியஸுக்கு நான்கு மகன்கள் என்றால், ஒரே ஊரில் ஒரே வயதில் நான்கு பேரன் கார்னீலியஸ்கள் திரிவார்கள். "முதல்ல கண்ணுல படுற கார்னீலியஸைக் கட்டிப் பிடிச்சுக்காதீங்க" என்று புதியவர்களுக்கு வருடாவருடம் பாடம் எடுப்பது வேறு யாருமில்லை, வெர்னாவேதான். அவளும் முதலில் கண்ணில் பட்டவனைத்தான் கட்டிப் பிடித்திருக்கிறாள்.

தன் அசல் எள்ளுத் தாத்தாவை அடுத்த கப்பலில் கண்டுபிடித்தாள். கைதியாக அல்ல, அரசு செலவில் வந்த சுதந்திர மனிதராக. பதிவில் எழுதியிருந்தது: நடத்தை மிக நன்று, குடிப்பழக்கம் இல்லை, எழுதப் படிக்கத் தெரியும். வெர்னாவுக்கு உடம்பே கூசியது.

அது போதாதென்று வழக்கு விசாரணையைப் பற்றிய பழைய பத்திரிகைச் செய்தி ஒன்று. அதில் பாதியைத்தான் அவள் இத்தனை வருடம் வைத்திருந்தாள். மீதியை இப்போது படித்தாள். பிறகு இறப்புப் பதிவையும் செய்தியையும் கோப்பிலிருந்து உருவி, மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவள் அம்மா காலத்துக் கத்தரிக்கோல் வேலையேதான். என்ன, அவர்கள் திருடனை மறைத்தார்கள். இவள் நல்லவனை மறைத்தாள்.

கோப்பில் செயலாளரின் கையெழுத்தும் வேண்டும். வியாழக்கிழமை பழைய ரயில் நிலையத்தின் டிக்கெட் அறையில், அதுதான் சங்க அலுவலகம், டல்சி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். வெர்னா ஸ்கோன் ரொட்டிக்கு ஜாம் தடவுவதுபோல் பாவனை செய்தாள். ஜாம் தட்டில்தான் விழுந்தது.

"எல்லாம் சரியா இருக்கு," என்றாள் டல்சி. "ஒண்ணே ஒண்ணுதான் காணோம்."

"எது?"

"அந்த இறப்புச் சான்று. ஆயிரத்து எண்ணூத்து அம்பத்தொண்ணு, ஹோபார்ட் ஆஸ்பத்திரி. கல்யாணம் ஆகாதவன்னு போட்டிருக்குமே, அது."

வெர்னாவின் கையிலிருந்த கத்தி தட்டில் விழுந்தது. "உனக்கு... எப்போலேருந்து தெரியும்?"

"ஏழு வருஷமா. என் ஜேப்படிக்காரனைத் தேடப் போனப்ப உன் ஆட்டுக்காரன் குறுக்கே வந்தான்."

"ஏழு வருஷமா தெரிஞ்சுக்கிட்டேவா அந்தக் கதவோரம் உக்காந்து முதுகுல இடி வாங்கின?"

"பின்னே? நீ கைதி வம்சம் இல்லைன்னு ஆனா எங்க பக்கம்தானே வருவ? வந்த மறுநாளே எங்களுக்கும் தலைவியாயிடுவ. நாங்க நிம்மதியா சூப்பாவது குடிச்சிட்டிருந்தோம். அதையும் கெடுத்துக்கணுமா?"

வெர்னாவுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. டல்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு. அது உன் புருஷன் லின்சி படுத்த படுக்கையா கெடந்த வருஷம். என் தம்பியை நீ பார்த்துக்கிட்ட லட்சணத்தை நான்தான் பக்கத்துல இருந்து பார்த்தேனே. அப்போ உன் வாயில சிரிப்பு வந்ததெல்லாம் அந்த ஆட்டுத் திருடன் கதை சொன்னப்பதான். அவனையும் உங்கிட்டேருந்து பிடுங்கச் சொல்றியா?"

நாற்பத்தாறு வருட உறவில் நாத்தனார் இப்படி ஒரு வார்த்தை பேசி வெர்னா கேட்டதில்லை. ஒரு ஸ்கோனை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

"சரி சரி, கண்ணைக் கசக்காத," என்று டல்சி தன் பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் தள்ளினாள். "உன்னதுல நான் போடுறேன், என்னதுல நீ போடு. விஷயம் முடிஞ்சுது. சனிக்கிழமை ஜோரா செங்கல் வைப்போம்."

ஜேப்படிக்காரனின் கோப்புதான். நாலாவது முறை. வெர்னா பேனாவைத் திறந்தாள். திறந்த கையோடு பக்கங்களையும் புரட்டினாள். பழக்கம் யாரை விட்டது? மூன்றாம் தலைமுறையில் வந்து நின்றாள்.

"கல்யாணச் சான்று எங்கே?"

"அதான் சர்ச்சோட எரிஞ்சு போச்சுன்னு மூணு தடவை சொல்லியாச்சே!"

"இல்லாம எப்படிடி போடுறது?"

"அடிப்பாவி! உன் வீடே பத்தி எரியுது, நீ என் வீட்டு ஓட்டுல ஓட்டை இருக்குன்னு பார்க்குற!"

வெர்னா பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். போட்டுத் தொலைக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கை போகவில்லை. கார் நிறுத்துமிடத்தில் அழுத தலைமையாசிரியர் ஞாபகம் வந்தது. மெல்ல பேனாவை மூடினாள். கைப்பையிலிருந்த இரண்டு காகிதங்களையும் எடுத்துத் தன் கோப்பிலேயே திரும்ப வைத்தாள்.

"உன்னதுல போட முடியலைன்னா என்னதுல போடுன்னு எந்த மூஞ்சியோட உன்கிட்ட கேட்பேன்? இதையும் படி. இது உனக்குத் தெரியாது."

டல்சி பத்திரிகைச் செய்தியைப் படித்தாள். முதலில் உதடு சிரிக்கப் பார்த்தது. கடைசி வரிக்கு வரும்போது சிரிப்பு இல்லை. வெர்னாவின் கோப்பை மூடி, கையெழுத்துப் போடாமலே அவள் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"என்ன பண்ணப்போற?"

"தெரியலை, டல்சி. சத்தியமா தெரியலை."

சனிக்கிழமை பளிச்சென்று வெயில் அடித்தது. ஆற்றங்கரையில் தொண்டர்கள் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அறுபத்து மூன்று பனியன்களிலும் அறுபத்து மூன்று ஆடுகள். குழந்தைகள் "மே, மே" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். முன்வரிசை நாற்காலியில் மெர்வின் சித்தப்பா, எண்பத்தெட்டு வயது, குடும்பத்துக்கே மூத்தவர், தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். நடைபாதையில் ஒரு செங்கல் அளவுக்குக் குழி தயாராக இருந்தது.

வெர்னா ஒரு ஆப்பிள் பெட்டியின் மேல் ஏறினாள். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு போட்டு உடைத்தாள்.

"நான் தப்பு பண்ணிட்டேன். இந்தச் செங்கல்ல இருக்கிற ஆள் நம்ம தாத்தா இல்லை. நம்ம தாத்தா கைதியே இல்லை. நல்லவர்னு சர்ட்டிபிகேட் வாங்கி வந்தவர்."

சித்தப்பா காது மிஷினைத் திருகினார். "என்னம்மா சொல்ற? நாம நல்லவங்களா?"

"ஆமா, சித்தப்பா."

"எத்தனை நாளா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெர்னா சிரிக்கவில்லை.

"முழுசா கேளுங்க. கார்னீலியஸ்னா வீட்டுல 'கான்'னுதான் கூப்பிடுவாங்க. செங்கல்ல இருக்கிற கானும் நம்ம கானும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைங்க. கோர்ட்டுல கார்னீலியஸ் குவில்டின்னு கூப்பிட்டதும் ரெண்டு பேரும் ஒண்ணா 'இருக்கேன் ஐயா'ன்னு சொல்லியிருக்காங்க. கோர்ட்டே சிரிச்சுதாம். ஒருத்தன் கூண்டுல நின்னான். இன்னொருத்தர் சாட்சி சொல்ல வந்தவர். ஆடு திருடினது இவன்தான்னு சொன்னவர் நம்ம தாத்தா."

அந்தப் பத்திரிகைச் செய்தியை அவள் வாசித்தாள். திருடிய ஆட்டின் கறியை எந்தெந்த வீட்டுக்குக் கொடுத்தான் என்று வக்கீல் கேட்டார். எங்கள் வீட்டுக்கும் கொடுத்தான் என்றார் சாட்சி. நீ தின்றாயா? தின்றேன் ஐயா, நாலு நாள் பட்டினி. கோர்ட்டில் மறுபடியும் சிரிப்பு. அதற்குப் பிறகு சொந்த ஊரில் சாட்சியால் தலைகாட்ட முடியாது என்பதால் அரசாங்கமே அவருக்குக் கப்பல் டிக்கெட் கொடுத்தது.

ஆல்டர்ஃபோர்டில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் "மே" என்றது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

"நாம அறுபத்து மூணு பேரும் இங்க நிக்கிறது அந்த டிக்கெட்லதான்," என்றாள் வெர்னா.

பெர்த்திலிருந்து வந்த மருமகன் ஒருவன் தொண்டையைச் செருமினான். "பரவாயில்லை அத்தை. செங்கல்லை எடுத்து ஓரமா வெச்சிடலாம். வாங்க, எல்லாரும் சாப்பிடப் போகலாம்."

"ஓரமா வெச்சா அவனுக்கு யார் இருக்கா? பொண்டாட்டி இல்லை, புள்ளை இல்லை. இருபத்து நாலு வயசுல ஆஸ்பத்திரியில தனியா செத்தான். அவன் பேரைச் சொல்ல இந்த உலகத்துல இருக்கிறது அவனை அனுப்பி வெச்ச நாம மட்டும்தான். நான் வெக்கணும். வேற யாராவது வெக்கிறதானா வெக்கட்டும்."

டல்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் விண்ணப்பப் படிவம். செயலாளர் முகம், இம்மியளவு இரக்கம் இல்லை.

"படிவம் இல்லாம செங்கல் வெக்க முடியாது. விதி. விண்ணப்பிக்கிறவங்களுக்கும் கைதிக்கும் என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?"

வெர்னா யோசித்தாள். சுற்றிலும் தன் ரத்தம் முழுவதும் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"காட்டிக் கொடுத்தவனோட வம்சம்னு எழுது."

டல்சி எழுதினாள். எழுதியதை ஒரு முறை உரக்கப் படித்துச் சரிபார்த்தாள். "இதுக்கு எல்லாச் சான்றும் சரியா இருக்கு" என்று சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

வெர்னா மண்டியிட்டுச் செங்கல்லைக் குழியில் இறக்கினாள். எழுந்திருக்க டல்சிதான் கை கொடுத்தாள். அதற்குள் மெர்வின் சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். தொப்பியைக் கழற்றினார். அந்த வயதில் அவ்வளவு தூரம் குனிய வேண்டியதில்லை, குனிந்தார்.

"மன்னிச்சுக்கப்பா, கான்," என்றார் செங்கல்லிடம். "பசிக் கொடுமை."

அவருக்குப் பின்னால் பெர்த்துக்காரன் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி, பிள்ளைகள். சாசேஜ் சுடுபவர் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் போகவில்லை. வரிசை ஆற்றுப் பாலம் வரை நீண்டிருந்தது.