மஞ்சள் தண்ணீர் குடித்த பெட்டி

ஆயுத பூஜையன்று மூண்ட கோபம், நாலு நாள் கழித்து கர்நாடக எல்லையோர ஜூஜுவாடியில் சம்பங்கியின் பழைய இரும்புக் கடைக்குள் நுழைந்தபோதும் ரூபாவுக்கு ஆறவில்லை. ஆறவிடுவதாக அவளும் இல்லை. தோளில் தொங்கிய துணிப்பைக்குள் செத்துப்போன பவர் சப்ளை பெட்டி கனத்துக்கொண்டிருந்தது.

ஓசூரில் அவள் அண்ணன் முனிராஜ் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். மைக், ஸ்பீக்கர் அவன் பொறுப்பு. மேடை விளக்குகளை ஏற்றி இறக்கும் பழைய லைட் டெஸ்க் ரூபாவின் பொறுப்பு. பள்ளி ஆண்டு விழாவோ கம்பெனி விழாவோ, டெஸ்க்குக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் விரலால் தள்ளினால்தான் மேடையில் வெளிச்சம். அந்த டெஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டிதான் இப்போது பையில் கிடந்தது.

அது தானாகச் சாகவில்லை. முனிராஜ்தான் கொன்றான். தொழில் படுத்துவிட்டதாம், அதனால் இந்த வருஷம் சாமிக்குக் கூடுதல் மரியாதை. சந்தனப் பொட்டோடு நிறுத்தாமல் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தான். சொம்பில் மிஞ்சியதைப் பெட்டியின் தலையிலேயே கவிழ்த்தான். காற்றுப் போகும் ஓட்டைகள் இருப்பதும் அந்தத் தலையில்தான். பூஜை முடிந்த கையோடு எந்த மெஷினையும் ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும் என்பது இங்கே லேத் பட்டறையிலிருந்து பெரிய கம்பெனி வரைக்கும் வழக்கம். "காயட்டும்ணா!" என்று ரூபா கத்துவதற்குள், கற்பூரத் தட்டைப் பிடித்தபடியே அவன் சுவிட்சைப் போட்டுவிட்டான். டப்பென்று ஒரு சத்தம். சாம்பிராணி வாசனையையும் மீறிக் கருகல் நாற்றம்.

"பழசு. அதான் போயிடுச்சி" என்றான் முனிராஜ்.

"நீ தண்ணி ஊத்துன. அதான் போயிடுச்சி."

"சாமி காரியத்துல குத்தம் சொல்லாத ரூபா. அதுவும் நல்லதுக்குத்தான். ஆட்டோ லைட்டு வந்திருக்குது, பட்டனத் தட்டுனா அதுவே ஆடும். நீயும் ராத்திரியெல்லாம் அலையாம நிம்மதியா வீட்டுல இருக்கலாம்."

நிம்மதியாம்! யார் கேட்டது? பெட்டி போனதை விட அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. டெஸ்க் போனால் அவள் உட்காரும் நாற்காலியும் போகும். அதை இத்தனை சுலபமாக, விபூதி பூசிய நெற்றியோடு அவன் சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து அலைச்சல். அந்த டெஸ்க்குக்கு அஞ்சு வோல்ட்டும் வேண்டும், பதினஞ்சு வோல்ட்டும் வேண்டும், இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும். ஓசூர் கடைக்காரர் ஒருவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா அனுப்பி வைம்மா" என்றார். இன்று காலை பஸ் ஏறிப் பெங்களூர் போனால், அங்கே ஒரு கடையில் சிரித்தார்கள். தூக்கிப்போட்டுவிட்டுப் புதிசு வாங்கு என்று சொல்ல எல்லோரிடமும் நேரம் இருந்தது. காது கொடுத்துக் கேட்கத்தான் ஒருத்தருக்கும் இல்லை.

"ஏன் பேக்கும்மா?" என்று, என்ன வேண்டுமெனக் கன்னடத்தில் கேட்ட கடைக்காரர் சம்பங்கி, அவள் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "அந்தப் பக்கம் மூடிப்போன கம்பெனி மெஷினுங்க இருக்குது. நீயே தேடிக்கோ."

தேடினாள். துருப்பிடித்த பேக்கிங் மெஷின் ஒன்றின் வயிற்றுக்குள் அதே இரண்டு வோல்ட்டேஜ் எழுதிய பெட்டி இருந்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது, வாசலில் டெம்போ ஒன்று வந்து நின்றது. ஓசூர் தெருக்களில் சேர்கிற பழைய சாமானெல்லாம் சாயங்காலம் இங்கேதான் வந்து இறங்கும். ஓட்டை டிரம்முக்கும் உடைந்த சைக்கிளுக்கும் நடுவில் பூஜையில் வைத்த சந்தனப் பொட்டோடு கிடந்தது அவளுடைய லைட் டெஸ்க்.

ரூபா ஒரே எட்டில் டெம்போவிடம் போனாள். அழுகை இல்லை, ஆத்திரம். காலையில் அவள் பஸ் ஏறும்வரை காத்திருந்துதான் முனிராஜ் எடைக்குப் போட்டிருக்கிறான்.

"அண்ணா, அத எறக்காதீங்க. நானே எடுத்துக்கறன்" என்றாள் சம்பங்கியிடம். பர்ஸில் இருந்ததை எண்ணாமல் அவர் கையில் திணித்தாள். அவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அங்கேயே எடை மேடை மேல் டெஸ்க்கை வைத்து, பழைய பெட்டியின் ஒயரை வெட்டிப் புதுப் பெட்டியில் சேர்த்தாள். பையிலிருந்த மீட்டரை வைத்து வோல்ட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். டெஸ்க்கில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. "அடடே!" என்றார் சம்பங்கி.

அப்போதுதான் முனிராஜிடமிருந்து போன் வந்தது. மறுநாள் ஒரு கம்பெனி விழா. அங்கே வேலை செய்யும் பெண்கள் போடும் நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிற மண்டபத்திலிருந்து பேசினான்.

"ரூபா, இந்த ஆட்டோ லைட்டு டிஸ்கோ மாதிரி குதிக்குது. கடைசி சீன்ல மெதுவா விடியணுமாம். நாடகம் எழுதுன ராஜலட்சுமி இது வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்குது. எங்க இருக்கற நீ?"

"ஜூஜுவாடியில. நீ எடைக்குப் போட்ட டெஸ்க்குக்குப் பக்கத்துல."

"அது... இனிமே ஆகாதுன்னு நெனச்சிட்டன்."

"ஆகிடுச்சி. எரியுது."

"அப்பாடா! கோவத்த விடு, நம்ம டெஸ்க்க எடுத்துக்கிட்டு சீக்கிரம் வந்துரு."

"நம்ம டெஸ்க்கு காலைலயே போயிடுச்சிண்ணா. இது நான் காசு குடுத்து வாங்கினது. என்னுது."

"சரிம்மா, உன்னுதுதான். வா."

"வர்றன். ஆனா நாளைக்கு மைக்குல 'ஒலி, ஒளி முனிராஜ் சவுண்ட்ஸ்'னு சேத்துச் சொல்லக்கூடாது. ஒளிக்கு எம் பேரத் தனியாச் சொல்லணும்."

"ஊரு என்னா நெனைக்கும்? அண்ணனும் தங்கச்சியும் பிரிஞ்சிட்டாங்கன்னு பேசும்."

"எடைக்குப் போடும்போது ஊரு ஞாபகம் வரலியா?"

போனில் அவனுக்குப் பின்னால் ராஜலட்சுமியின் தெற்கத்திக் குரல், "அக்கா வாராகளா இல்லையாண்ணே?" என்று அதட்டியது.

"சரி" என்றான் முனிராஜ் கடைசியில். "என்னான்னு சொல்லச் சொல்றது? கடைப் பேரோடயா, உன் வீட்டுக்காரர் பேரோடயா?"

"வெறும் ரூபா. அது யாருன்னு எவனாச்சும் கேட்டா கையக் காட்டு. நான் டெஸ்க்குக்குப் பின்னாடிதான் உக்காந்திருப்பன்."