செப்புத் தகட்டின் எடை

பேட்டரியின் எதிர்மின்முனையில் கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கான். ஆறு வருடமாக ஆய்வுக்கூடத்தில் அவள் மாரடித்தது இதனோடுதான். சிலிக்கான் லித்தியத்தை வாரி விழுங்கும். விழுங்கிய வேகத்தில் ஊதி, விரிசல் விட்டு, உதிர்ந்துபோகும். அதை உதிராமல் பிடித்துவைக்க எத்தனையோ கலவை பார்த்தாயிற்று.

போன மாதம் ஒரு கலவை, கிராமுக்கு, பழையதைப் போல் ஒன்றரை மடங்கு மின்சாரத்தைத் தாங்கியது. பேராசிரியர் கட்டுரை அனுப்ப நாளே குறித்துவிட்டார். அது வெளிவந்தால் டாக்டர் பட்டம். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அம்மா, சூப்பர்வைசர் வரைக்கும் தம்பட்டம் அடித்து முடித்திருந்தாள்.

காலையில் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கலவையைப் பூசும் செப்புத் தகட்டில், பூச்சு இல்லாத வட்டம் ஒன்றை வெட்டி வைத்தாள். 9.1 மில்லிகிராம் காட்டியது. சுவரில் எப்போதோ ஒரு சீனியர் ஒட்டிய சீட்டில் 10.1 என்றிருந்தது. பூசிய வட்டத்தின் எடையில் அந்த 10.1-ஐக் கழித்து, மிச்சம்தான் பூச்சு என்று எழுதிக்கொள்வது அங்கே எல்லோருக்கும் பழக்கம். அந்தச் சீட்டுக்குப் பிறகு வெறும் செம்பை யாரும் எடை போட்டதில்லை. அவளும்தான்.

இன்னும் ஒன்பது வெட்டினாள். எல்லாம் 9.1. போன மாதம் பிரித்த புதுச் செப்புச் சுருள் மெலிசு. அப்படியானால் பூச்சு அவள் எழுதிவைத்த இரண்டு மில்லிகிராம் இல்லை, மூன்று. மின்சாரத்தில் கூடிய ஒன்றரை மடங்கை எடையில் கூடிய ஒன்றரை மடங்கே தின்றுவிட்டது. புதுக் கலவையும் பழையதும் ஒன்றேதான்.

அவள் போய்ச் சொன்னதும் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கெட்டவரில்லை, அவளுக்காகத்தான் பேசினார். ஆறு வருடம் போதாதா, வட்டத்துக்கு வட்டம் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும், அனுப்பிவிடலாம் என்றார்.

"யாராவது கேட்டா அப்பப் பாத்துக்கலாம்மா."

"நானே கேட்டுட்டேன், சார்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.  அவள் திரும்பி வந்து சீட்டைக் கிழித்தாள். ஒட்டிய மகராசன் பட்டம் வாங்கிக்கொண்டு போய் வருடக்கணக்காகிறது. அவன் சுருளுக்கு அவன் எண் சரிதான் என்பதுதான் அவளுக்கு ஆத்திரம். திட்டக்கூட ஆள் இல்லை.

மதியம் அம்மா கூப்பிட்டாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். கட்டுரை போய்விட்டதா என்று கேட்டாள்.

"இல்லம்மா. முதல்லேருந்து செய்யணும். இன்னும் ஒரு வருஷம்."



"கறை போகலேன்னா திரும்ப ஊறப் போட வேண்டியதுதான். அந்த சூப்பர்வைசர்கிட்ட என்னத்தடி சொல்ல?"

"இன்னும் காயலேன்னு சொல்லு."

அம்மா சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா, இரைச்சலில் பிடிபடவில்லை. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த வட்டத்தை வெட்டி, பூசுவதற்கு முன்னால் தராசில் வைத்தாள்.