கரண்ட் போனாலும் நிற்காத நெட்

போரால் அடிக்கடி கரண்ட் போகும் எங்கள் பொல்தாவா நகரில் நெட் இணைப்பு வாங்கும்போது இப்போது யாரும் வேகத்தைக் கேட்பதில்லை. கரண்ட் போன பிறகும் வருமா என்றுதான் கேட்கிறார்கள்.

எங்கள் மகன் யாரெமா போர்முனையில் இருக்கிறான். அவன் செய்தி தவறக் கூடாதென்று, பேட்டரியிலும் ஓடும் புது கம்பெனிக்கு மாறலாம் என்றேன். என் கணவர் லுக்யான் முரண்டு பிடித்தார்.

"பழசே இருக்கட்டும், ஹன்னா."

"கரண்ட் போனா அதுவும் செத்துப்போகுது! அவன் நீங்க பெத்த புள்ளதானே? மனசு என்ன கல்லா?"

நானே ஆளை வரவழைத்துப் பழைய கேபிளைப் பிடுங்கச் சொன்னேன்.

அன்று மாலையே கரண்ட் போய்த் தெரு இருண்டது. புதுப் பெட்டியில் மட்டும் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. வார்சாவிலிருந்து என் தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். அவள் மூக்கின் மேலுள்ள மச்சம் வரை தெளிவாகத் தெரிந்தது. யாரெமாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"நெட் சரியில்லையோ என்னவோ," என்றேன் பழக்கதோஷத்தில்.

லுக்யான் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழசா இருந்தா அப்படிச் சொல்லிட்டுத் தூங்கியிருக்கலாம்டி."