கமலவல்லியின் பாத்தியதை

திருவள்ளூர் யதிராஜனுக்கு வாய் என்று ஒன்று இருந்ததே வம்சத்தைச் சொல்வதற்குத்தான். அதில் தப்பொன்றும் இல்லை, கண்ணுகளா. பெருமாள் கோயிலில் அவர் குடும்பத்துக்குக் கைங்கரிய முறை உண்டு. இன்ன மாதம் இன்னார் செய்ய வேண்டும் என்று வழிவழியாக வருவது. பங்காளி ஒருத்தர் ஒருமுறை அதில் வழக்கு வைத்தார். விசாரிக்க வந்த அதிகாரியின் முன்னால் நின்று, தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூச்சு விடாமல் ஒப்பித்துத்தான் யதிராஜன் முறையைக் காப்பாற்றிக்கொண்டார். அன்றிலிருந்து மேஜைக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் போதும், அவர் வாயில் தலைமுறைகள் ஓட ஆரம்பித்துவிடும்.

அறுபத்தெட்டாம் வருஷம் அவருடைய ஒரே பெண் அரவிந்தவல்லி எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மேலே பி.யூ.சி. சேர வேண்டும், அதிலும் பௌதிகமும் கணக்கும் உள்ள பிரிவில் சேர வேண்டும் என்பது அவள் எண்ணம். ஆசை என்றுகூடச் சொல்ல மாட்டேன். நாளைக்குக் கிழக்கே வெளுக்கும் என்று நாம் சொல்வதைப் போலத்தான் அவள் அதைச் சொல்வாள்.

யதிராஜன் தன் பக்கத்தை ஒரே வார்த்தையில் முடித்திருந்தார்.

"காலேஜ்ல எடம் கெடைச்சா படி. கெடைக்கலேன்னா ஆவணியில கல்யாணம்."

காஞ்சிபுரத்தில் வேங்கடேசன் என்று ஒரு வரன் தயாராக இருந்தான். நல்ல பையன், கெட்ட பழக்கம் கிடையாது. அரவிந்தவல்லிக்கு அவன் வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய அம்மா கமலவல்லி கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் பேர்பெற்ற ஒரு பெண்கள் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தவள். அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். அங்கே படித்தவர்களுடைய பெண்களை மட்டும் பரீட்சைக்கு முன்னாலேயே கூப்பிட்டுப் பேசி, இடம் கொடுத்துவிடுவார்கள். பரீட்சையில் தேறினால் போதும், மார்க் பார்ப்பதில்லை. ஆனால் அதற்குப் பதில் ஒரு வாக்கு கொடுக்க வேண்டும். வேறு எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடக்கூடாது. கொடுத்த இடத்தை மாற்றிக் கேட்கவும் கூடாது. கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி சொல்லித்தான் கமலவல்லிக்கு இது தெரிந்தது. கமலவல்லி வாய் தவறி அதை வீட்டில் சொல்லிவிட்டாள்.

"ஒரு எடத்துல பாத்தியதை இருக்குன்னா அதை விடப்படாது. ஒரு தலைமுறை விட்டா போச்சு, அப்பறம் தலைகீழா நின்னாலும் வராது" என்றார் யதிராஜன். பங்குனி வெயிலில் மூவரும் பட்டணத்துக்கு ரயில் ஏறினார்கள்.

பிரின்சிபால் அறை வாசலில் யதிராஜன் செருப்பைக் கழற்றினார். அங்கே நின்ற பியூன் பதறிவிட்டான்.

"இன்னா சாமி இது, கோயிலா? போட்டுக்கினே போங்க. இங்க உட்டீங்கன்னா திரும்பி வரப்ப இருக்காது."

கையில் எடுத்துக்கொள்வதா, காலில் போட்டுக்கொள்வதா என்று கொஞ்ச நேரம் தடுமாறி, கடைசியில் கமலவல்லியின் பையில் போட்டார்.

பிரின்சிபால் மிஸ் ஜெயராஜ் கண்டிப்பானவள் என்று பேர். நரைத்த கொண்டை, வெள்ளைப் புடவை. மூவரையும் உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"உங்கள் குடும்பத்தில் இங்கே படித்தது யார்?"

குடும்பம் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், யதிராஜன் எழுந்து நின்றுவிட்டார்.

"அடியேன் யதிராஜன். தகப்பனார் ராமபத்ராச்சாரியார். அவருக்குத் தகப்பனார் வீரராகவாச்சாரியார். அவர் தமையனாருக்குச் சந்ததி இல்லாததாலே அந்த முறையும் எங்களுக்கே வந்துடுத்து. அவருக்குத் தகப்பனார்..."

மிஸ் ஜெயராஜ் பேனாவை வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் மறிக்கவே இல்லை. அவர் மூச்சு வாங்க நின்றபோது, மெதுவாகக் கேட்டாள்.

"இவர்கள் எல்லாம் எந்த வருஷம் இங்கே படித்தார்கள்? இது பெண்கள் கல்லூரி ஆயிற்றே."

அரவிந்தவல்லி குனிந்து கால் விரலைப் பார்த்தாள். தோள் மட்டும் குலுங்கியது. யதிராஜன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நான்தான் படிச்சேன்" என்றாள் கமலவல்லி. "இதோ இந்த ஜன்னலுக்கு நேரா இருக்கே, அந்த மாடி அறையிலதான் எங்களுக்குத் தர்க்க சாஸ்திரம் நடந்தது."

"அப்படியானால் உரிமை உங்களுடையது. நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும்" என்று மிஸ் ஜெயராஜ் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "வரலாற்றுப் பிரிவில் இடம் தரலாம். விடுதியிலும் இப்படி முன்கூட்டிச் சேர்கிறவர்களுக்குத்தான் முதலில் இடம்."

அரவிந்தவல்லி நிமிர்ந்தாள். "எனக்குப் பௌதிகம் வேணும், மேடம்."

"அது முன்கூட்டிக் கொடுப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் இடம் குறைவு. மார்க் வந்த பிறகு, மார்க் வரிசையில்தான். இதை ஏற்றுக்கொண்டால் அந்த வரிசையில் நிற்க முடியாது."

"அப்ப நான் வரிசையில நிக்கறேன்."

"வாயை மூடுடி" என்றார் யதிராஜன். "கைக்கு வந்ததை விட்டுட்டு வரிசையில நிப்பாளாம். மார்க் வரலேன்னா என்ன பண்ணுவே?"

"வரும்பா."

"வரலேன்னா?"

"வரும்னு சொல்றேனே."

"அதான் கேக்கறேன், வரலேன்னா?"

"ஆவணியில கல்யாணம். அதான் சொல்லிட்டேளே. திரும்பத் திரும்பக் கேட்டா மார்க் மாறிடுமா?"

எல்லோரும் கமலவல்லியைப் பார்த்தார்கள். அவள் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். அவளுக்கு மட்டும் பயம் இல்லையா? இருந்தது, கண்ணுகளா. பெண்ணின் கணக்கு நோட்டை ராத்திரிகளில் புரட்டிப் பார்க்கிற தாய் அவள். எங்கே தடுமாறுவாள், எங்கே பாய்ந்து போவாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பயம் இருந்தது. பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"எம்பேர்ல வர்ற பாத்தியதை. அவளுக்கு வேண்டாம்னா நான் எதுக்குப் போடணும்?" என்றாள். பிறகு ஏதோ தோன்றியவள்போல மிஸ் ஜெயராஜிடம் திரும்பினாள். "ஆனா வீணாப் போகவும் வேண்டாம். இவளோட படிக்கற பொண்ணு ஒருத்தி, சந்திரகலான்னு பேர். அவ அப்பா பயிர் வைக்கறவர். அவளுக்குச் சரித்திரம்னா உசுரு. எங்க முறையை அவளுக்கு விட்டுக்கொடுக்கறேன். அவளுக்கு எழுதிக்கோங்கோ."

மிஸ் ஜெயராஜுக்குப் புரியவில்லை. யதிராஜனுக்குப் புரிந்துவிட்டது.

"அதெப்படி? முறையைப் பங்காளிக்குத்தான் விட்டுக்கொடுக்கலாம். வெளி மனுஷாளுக்கு எப்படிக் கொடுப்பே?"

"போன வருஷம் உங்களுக்கு ஜுரம்னு தீர்த்தக் கைங்கரியத்தை யாருக்கு விட்டேள்? அவர் உங்களுக்குப் பங்காளியா?"

"அது ஒரு நாளைக்கு! ஆபத்துக்கு!"

"இதுவும் ஒரு வருஷத்துக்குத்தானே."

பிரின்சிபால் அறையில் கோயில் வழக்கு நடந்தது. மிஸ் ஜெயராஜ் முதலில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"உங்கள் கோயில் எவ்வளவோ தேவலை. இங்கே பெற்ற பெண்ணுக்கு மட்டும்தான். யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது."

"அப்படின்னா நீங்களே வச்சுக்கோங்கோ" என்று கமலவல்லி எழுந்து, பையிலிருந்து செருப்பை எடுத்துக் கணவரிடம் கொடுத்தாள்.

திருவள்ளூர் வரும்வரை யதிராஜன் பேசவில்லை. வந்த பிறகு பேசுவதை நிறுத்தவில்லை. சித்திரை முழுக்க, காப்பி ஆறிப்போனால்கூட, "கைக்கு வந்ததை விட்டவாதானே நீங்க" என்பார். காஞ்சிபுரத்துக்கு இரண்டு தடவை போய்வந்தார். அரவிந்தவல்லி பரீட்சை எழுதிவிட்டு, லீவில் அடுத்த வகுப்புக் கணக்கை எங்கிருந்தோ வாங்கிவந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

அமாவாசையன்று சந்திரகலாவின் அப்பா கலியன், கோயில் குளத்தில் வேண்டுதல் வெல்லம் கரைக்க வந்தவர், ஈர வேட்டியோடு நேரே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"இன்னாம்மா, எம் பொண்ணுக்குப் பெரிய காலேஜ்ல சீட்டு கேட்டீங்களாமே? அரவிந்தம் சொல்லி எம் பொண்ணு வந்து சொல்லுச்சு."

"கேட்டேன். கொடுக்கலையே."

"குடுக்காட்டிப் போறாங்கம்மா. உங்க காலேஜு சாமி பல்லாக்கு மாதிரி, வாரிசா இருந்தாத்தான் தோள் குடுக்கலாம். நான் நாலு காலேஜுக்கு அப்ளிகேஷன் வாங்கிப் போட்டுட்டேன். எவன் கதவத் தொறந்தாலும் உள்ள பூந்துக்கறது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாமி ரொம்பப் பேஜாரு பண்றாராமே?"

"உள்ளதான் இருக்கேன் கலியா, காது கேக்கறது" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

"நல்லா கேக்கட்டும் சாமி!" என்று சிரித்துக்கொண்டே கலியன் போனார்.

ரிசல்ட் வந்தது. அரவிந்தவல்லி கணக்கில் வாங்கியதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டாள். யதிராஜன் அப்போதும் விடவில்லை. "இதே மார்க்கைப் பட்டணத்துப் பொண்ணெல்லாம் தூங்கிண்டே வாங்கும்" என்றார். ஆனால் அன்று காஞ்சிபுரத்துக்கு எழுதவும் இல்லை.

அதே கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு, பட்டியல் ஒட்டுகிற அன்றைக்கு மறுபடியும் மூவரும் போனார்கள். பௌதிகப் பிரிவில் அவள் பேர் முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. நடுவில் நிம்மதியாக இருந்தது. யதிராஜன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு தகப்பனாரிடம், "எங்காத்துப் பொண்ணு. மார்க்லயே வந்துட்டா" என்றார். கமலவல்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பைக் காட்டினால் மனுஷர் உடைந்துபோவார்.

ஆபீசில்தான் இடி விழுந்தது. "ஹாஸ்டல் முடிந்துவிட்டது. முன்கூட்டிச் சேர்ந்தவர்களுக்கே சரியாகப் போய்விட்டது" என்றார் குமாஸ்தா.

ரயிலில் யதிராஜன் முகம் கறுத்துவிட்டது. "தினம் வயசுப் பொண்ணைத் தனியா ரயில்ல அனுப்பறதா? காலம்பற வண்டியில ஃபேக்டரிக் கூட்டம் கதவைப் பிடிச்சுண்டு தொங்கறது. அன்னிக்கே அந்த எடத்தை வாங்கியிருந்தா ஹாஸ்டலும் வந்திருக்கும். முடியாது. காஞ்சிபுரத்துக்கு நாளைக்கே எழுதறேன்."

"எழுதுங்கோ" என்றாள் கமலவல்லி. "எடம் கெடைச்சா படிக்கலாம்னு சொன்ன வாக்கையும் சேர்த்து எழுதுங்கோ. அவாளும் தெரிஞ்சுக்கட்டும்."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த வரிசையிலிருந்து துண்டு போட்ட ஒரு தோள் எழுந்தது. கலியன். பக்கத்தில் சந்திரகலா.

"எம் பொண்ணையும் பட்டணத்துலதான் சேத்துட்டு வரேன் சாமி. வேற காலேஜு. ஹாஸ்டல்லாம் நமக்குக் கட்டாது. நம்ம ஸ்டேஷன் பக்கத்துல மணவாள நகர்ல எந்தங்கச்சி ஊடு, அங்கேந்து இதே வண்டிலதான் போவுது. ரெண்டையும் சேத்து அனுப்புங்க. எம் பொண்ணு கூட இருக்கறப்ப எவனாச்சும் வாலாட்டினா, அவன் ஆவடியிலயே எறங்கி ஓடிடுவான்."

"நைனா, சும்மா இரு" என்றாள் சந்திரகலா.

"இன்னா சும்மா இரு? களத்துல மாட்டக் கொம்பப் புடிச்சி நிறுத்தனவதானே நீ?"

யதிராஜன் சந்திரகலாவை ஏற இறங்கப் பார்த்தார். திண்மையான பெண். பார்வை நேராக இருந்தது. இந்தப் பெண்ணுக்குத்தானே கமலவல்லி முறையைக் கொடுக்கப் பார்த்தாள் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பெரம்பூர் போய், வில்லிவாக்கம் போய், அம்பத்தூரும் போனது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

பட்டாபிராமில் வண்டி நின்றபோது கேட்டார்.

"இந்த வண்டியில லேடீஸ் பெட்டி எங்கே வரும்? முன்னாலயா, கடைசியிலயா?"

"நடுவிலப்பா" என்றாள் அரவிந்தவல்லி. "ஏறறச்சேயே பாத்துட்டேன்."