பெயருக்குப் பின்னால் ஒரு பெயர்

1

இந்தக் கதை பிறந்த கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் திட்டக் கூடாது.

ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "மனுஷங்க பேரு, குடும்பப் பேரு, இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு, என்ன அர்த்தம்னு ஒரு கட்டுரை வேணும். லைட்டா இருக்கட்டும் சார். சிரிச்சுக்கிட்டே படிக்கணும்." வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

என் வீட்டில் சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. எங்களுக்கு மகள் பிறந்து மூன்று வாரம். வெள்ளிக்கிழமைக்குள் அவள் பிறப்பைப் பதிய வேண்டும். அவளைக் கூப்பிடுகிற பெயர் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது, அதில் தகராறு இல்லை. தகராறெல்லாம் அதற்குப் பின்னால் வருகிற பெயரில்தான்.

2

முதல் தொடக்கம் இது:

"உலகத்தில் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் உண்டாயின. செய்த தொழில், இருந்த இடம், பெற்ற தகப்பன், ஊரார் வைத்த பட்டப்பெயர். எப்போதோ ஒருவனைக் குள்ளன் என்று கேலி செய்தார்கள். அவன் வம்சத்தில் இன்று ஒருவன் ஆறடி உயரத்தில் நிலைவாசலில் தலையை இடித்துக்கொண்டு—"

விட்டுவிட்டேன். என் பிழைப்பு குளிர்பதனப் பெட்டிகளுக்குக் கையேடு எழுதுவது. "கதவைத் தேவையில்லாமல் திறந்து வைக்காதீர்கள்" என்ற வாக்கியம் என்னுடையதுதான். இந்தத் தொடக்கத்திலும் அந்த வாடைதான் அடிக்கிறது. யாரும் சிரிக்க மாட்டார்கள், எனக்கே கொட்டாவி வந்தது.

2 (மறுபடியும்)

"பல் மருத்துவமனையின் இரண்டாவது அறையில், எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்."

இது தேவலை. அவள் என் மனைவி. டாக்டருக்கு உதவியாளர். நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊர் வேலையிடங்களில் ஆளைப் பின்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்களுக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் அந்த எழுத்தையே முழுப் பெயராக விரித்துப் பின்னால் போட்டுக்கொண்டார்கள். ஆகவே காலை முதல் மாலை வரை அவளை அவள் அப்பா பெயர் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். சட்டைப்பையில் குத்தியிருக்கும் அட்டையிலும் அதுதான்.

(பெரும்பாலானோருக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கும் அப்படித்தான், என் அப்பா நல்லவர்.)

அவள் அப்பா, அவளுக்கு நான்கு வயதில் வீட்டை விட்டுப் போனவர். போனவர் போனவர்தான். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை, அதனால் இந்தக் கதையிலும் இல்லை.

"சின்ன வயசுல ஜன்னல்ல நின்னு எத்தனை நாள் கூப்பிட்டிருக்கேன் தெரியுமா?" என்று ஒருநாள் சொன்னாள். "அந்தாள் வரவே இல்ல. இப்ப அந்தாளைக் கூப்பிட்டா நான் ஓடறேன்."

இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. இப்போது எழுதும்போது எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் இதைவிட நல்ல வாக்கியம் இந்தக் கதையில் என்னால் எழுத முடியவில்லை.

3

குழந்தைக்கு என் பெயரைப் போட்டால் முடிந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். சொல்லியும் விட்டேன். அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நாளைக்கு நீங்களும் ஓடிட்டா?"

"என்னடி பேசற? நான் எங்க ஓடப் போறேன்? கறிகாய் வாங்கப் போனாலே நாலு தடவை போன் பண்றேன்."

"அவரும் கறிகாய் வாங்கத்தான் போனாராம்."

எனக்கு வலித்தது. துணி காயப்போடும் கம்பியோடு போய்ச் சண்டை போட்டேன்.

(இந்த இடத்தில் கணவன் பாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம். இவன் ஏன் இத்தனை நல்லவனாக வருகிறான்? எழுதுகிறவனே பாத்திரமாகவும் இருந்தால் இதுதான் தொல்லை. உண்மையைச் சொன்னால், ஆண்பிள்ளை பெயரை ஒதுக்கிவிட்டார்களே என்று எனக்கு ரோஷமும் இருந்தது. அதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.)

"அப்ப யார் பேரைத்தான் போடறது?" என்றேன்.

"அம்மா பேரை. என்னை வளர்த்தது அம்மா, படிக்க வெச்சது அம்மா. முதல்ல நான் அம்மா பேருக்கு மாறிக்கறேன். அப்புறம் புள்ளைக்கும் அதுதான். நீங்க குறுக்க பேசாதீங்க, நானே அம்மாகிட்ட சொல்லிக்கறேன்."

எவ்வளவு அழகான முடிவு! இங்கேயே கதையை முடித்திருந்தால் ஆசிரியரும் சந்தோஷப்பட்டிருப்பார், நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

4

இனி மாமியார் வருகிறார். அத்தை என்று கூப்பிடுவேன். ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எங்கள் வீட்டு விரிப்புகளைத் தொட்டால் விரல் அறுபடும், மடிப்பு அப்படி. கூடப் பிறந்த அக்காக்கள் அவரைப் பாப்பா என்பார்கள். வேலையிடத்தில் நம்மூர்ப் பெண்களுக்கெல்லாம் அக்கா. எங்கேயும் அவரை உண்மைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அது எனக்குச் சந்தேகமாகப் பட்டிருக்க வேண்டும். படவில்லை.

(கட்டுரைக்காகப் படித்ததில் ஒன்று. நல்ல பொருள் வரும்படி பெயர் வைப்பது எல்லா நாட்டிலும் உண்டு. நோய் அண்டாமல் இருக்க அசிங்கமான பெயர் வைப்பதும் உண்டு. இன்னொன்றும் எனக்குத் தெரியும், அதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், கடைசிப் பெண்ணுக்கு "இத்தோடு போதும்" என்று பொருள் வரும்படி பெயர் வைப்பார்கள். வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்குமாம்.)

அத்தை ஐந்தாவது பெண்.

என் மனைவி இதை யோசித்தாளா? அவளுக்குப் பொருள் தெரியும். ஆனால் அவளுக்கு அது அம்மா பெயர். அம்மா பெயருக்கு யார் பொருள் பார்ப்பார்கள்? பூரித்துப் போவார் என்று நம்பிக்கொண்டு, பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் தோளில் கையைப் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

அத்தை குழாயை மூடினார்.

"வேற பேரே கெடைக்கலியா உனக்கு?"

"உன்னைப் பெருமைப்படுத்தத்தான் சொல்றேம்மா."

"எதுடி பெருமை? நான் பொறந்த அன்னிக்கு எங்க வீட்ல யாரும் என்னைத் தூக்கல. பேரு மட்டும் உடனே வெச்சுட்டாங்க. பள்ளிக்கூடத்துல டீச்சர் கூப்பிட்டா மொத்த வகுப்பும் சிரிக்கும். போதும்னு எனக்கு வெச்சாங்க, சரி, பட்டுட்டேன். இப்ப ஒரு பொண்ணு பொறந்திருக்கா. அவ தலையிலயும் போதும்னு எழுதப் போறியா?"

நான் நடுவில் போய், "அத்தை, இப்பல்லாம் யாரும் அர்த்தம் பார்க்கிறதில்ல" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. அர்த்தம் பார்த்துக் கட்டுரை எழுதற ஆளு நீங்கதானே?"

அவர் கழுவி வைத்த பாட்டிலைத் துடைக்கப் போனேன்.

5

இதற்குப் பிறகுதான் எரிகிற நெருப்பில் என் மனைவி எண்ணெயை ஊற்றினாள். "அப்ப காலம் பூரா அந்தாள் பேரையே சுமக்கணுமா? அந்தாள் எனக்குக் குடுத்த ஒரே சொத்து அதுதான்னு புள்ளைக்கும் குடுக்கணுமா?"

"அவன் எங்கடி குடுத்தான்?" என்றார் அத்தை. "நான் குடுத்தேன்."

அத்தை பேசுவதாக, "கைக்குழந்தை மாதிரி உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டு" என்று ஒரு வாக்கியம் தொடங்கியிருந்தேன். நான்கு வயதுப் பிள்ளையை எப்படி அத்தனை நேரம்— வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"இங்க வந்த புதுசுல பதிவு ஆபீஸ் கவுன்ட்டர்ல ஒருத்தன் கேட்டான், குடும்பப் பேரு என்னன்னு. அப்படி ஒன்னும் எங்களுக்கு இல்லன்னேன். எதையாவது சொல்லும்மா, பின்னால ஆளுங்க நிக்கறாங்கன்னான். என் பேரைச் சொல்றதுக்கு நாக்கைக் கடிச்சுக்கலாம். அவன் பேரைச் சொன்னேன். சொன்னா, புருஷன் வேற ஊர்ல வேலையா இருக்கான்னு நெனச்சுக்குவாங்க. விட்டுட்டுப் போயிட்டான்னு அந்த வரிசையில நின்னு சொல்லணுமா நான்? அப்பன் இல்லாத புள்ளைன்னு உன்னை எவனும் இளக்காரமாப் பார்க்கக் கூடாதுன்னு குடுத்தேன். அந்தாள்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாக யாரைத் திட்டுகிறோம் என்று நினைத்துத் திட்டினாளோ, அந்த ஆள் இந்தப் பெயரை இவளுக்குக் கொடுக்கவே இல்லை. எனக்கு இன்னொரு கஷ்டம். கதையில் வில்லனுக்கு இருந்த ஒரே வேலையும் போய்விட்டது. அதுவரை எழுதிய பக்கங்கள் எதற்கும் உதவாது. எழுத்தாளர்களின் வீட்டில் உண்மையைப் பேசுகிறவர்கள் கொஞ்சம் முன்கூட்டியே பேசினால் என்ன?

இரண்டு பேரும் அன்று பேசிக்கொள்ளவில்லை, மறுநாளும் இல்லை. குழந்தை மட்டும் ஒருத்தி மடியிலிருந்து இன்னொருத்தி மடிக்கு மாறிக்கொண்டிருந்தது.

6

வியாழக்கிழமை வரை நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

(அ) மனைவி கண் கலங்கிக் கணவன் பெயரையே ஏற்றுக்கொள்கிறாள். எழுதும்போதே வெட்கமாக இருந்தது. கதை எழுதுகிறவனே ஜெயிக்கிற கதையை யார் நம்புவார்கள்?

(ஆ) அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது. அலுவலகத்தில் விசாரித்தேன். "காலியா விட முடியாது சார், கம்ப்யூட்டர் ஒத்துக்காது. வேணும்னா முதல் பேரையே ரெண்டு தடவை போட்டுடுவோம்." இதை மனைவியிடம் சொன்னேன். "ஏன், புள்ளைக்குக் காது கேக்காதா?" என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

(இ) போனவர் திரும்பி வந்து வாசலில் நிற்கிறார், மன்னிப்புக் கேட்கிறார். இரண்டு பக்கம் எழுதினேன். வரவழைத்த எனக்கே அவரை உட்காரச் சொல்ல மனசு வரவில்லை. வாசலோடு அனுப்பிவிட்டேன்.

(ஈ)

(ஈ)க்கு எதுவும் தோன்றவில்லை.

7

வெள்ளிக்கிழமை நாலு பேரும் போனோம், குழந்தையையும் சேர்த்து. சுவரோரம் கால் ஆடுகிற நாற்காலிகள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், பக்கத்தில் பாதி குடித்த தேநீர். எங்கள் முறை வந்தது. முதல் பெயரைச் சொன்னோம், தட்டினாள்.

"குடும்பப் பேரு?"

நான் வாயைத் திறந்தேன். என் பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது, சத்தியமாக. மனைவி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அத்தையிடம் திரும்பினாள்.

"அம்மா, நீ சொல்லு."

"நானா? எனக்கு என்னடி தெரியும்?"

"போன தடவையும் நீதானே சொன்ன. அப்ப பயந்துக்கிட்டு சொன்ன. இப்ப பயப்படாம சொல்லும்மா."

எங்களுக்குப் பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்தார், அவசரமே இல்லாமல் பார்த்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். நான் அதுவரை யோசித்தே பார்க்காத பெயர். என் மனைவி அழுதுகொண்டே தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

வாசகரே, அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உடனே என்ன பொருள், எந்தப் பக்கத்துப் பெயர், எந்த வகை ஆட்கள் என்று தோண்ட ஆரம்பித்துவிடுவீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அதைத்தான் செய்வேன். அந்த இடத்தில் நீங்களாக ஒன்றை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தட்டுவதை நிறுத்தினாள். "இது அப்பா பேரா, அம்மா பேரா?"

"ரெண்டும் இல்ல," என்றார் அத்தை.

"அப்புறம் யாரோட பேரு?"

அத்தை பேத்தியைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"இவளோடது."